குண்டு வெடித்த பிறகு போனவர்கள்

அரைக்கால் சட்டை, பூட்ஸ், வெயிலுக்குத் தலையில் ஒரு தொப்பி. பல படங்களில் மேல்சட்டைகூட இல்லை. 1970-களின் கடைசியில் எனிவெட்டாக் பவளத்தீவில் வேலை பார்த்த அமெரிக்கச் சிப்பாய்களின் பழைய புகைப்படங்களில் அவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். பின்னால் நீலக்கடல், பக்கத்தில் ஒரு புல்டோசர். இருபது வயதுப் பையன்கள் கடற்கரையில் விடுமுறையைக் கழிப்பதுபோலத் தோன்றும். அவர்கள் வழித்து அள்ளிக்கொண்டிருந்த மண்ணில் புளூட்டோனியம் கலந்திருந்தது.

அந்தப் பையன்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலருக்குப் புற்றுநோய் வந்தது. தங்களுக்கு வந்த நோய்க்கும் அந்தத் தீவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்க அரசை ஏற்கவைக்க அவர்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவர்கள் அங்கே போனதை யாரும் மறுக்கவில்லை. வேலை செய்ததையும் மறுக்கவில்லை. ராணுவமே அந்த வேலையைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறது. பிறகு ஏன் இத்தனை காலம் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

எனிவெட்டாக் பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. லட்சத்தீவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு பிடிபடும்: நடுவில் ஆழம் குறைந்த உப்பங்கழி, அதைச் சுற்றி வளையமாகச் சுமார் நாற்பது குட்டித் தீவுகள். 1947 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை அங்கிருந்த சுமார் 145 பேரை உஜெலாங் என்ற வேறொரு தீவுக்குக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த ஆண்டே சோதனைகள் ஆரம்பித்தன. 1948-லிருந்து 1958 வரை அந்த ஒரு வளையத்துக்குள் மட்டும் 43 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. 1952 நவம்பர் 1 அன்று உலகின் முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்ததும் அங்கேதான். ஹிரோஷிமா குண்டைப்போலச் சுமார் 700 மடங்கு வலு. எலுகெலாப் என்ற தீவு அன்று காலை இருந்தது. வெடிப்புக்குப் பிறகு அந்த இடத்தில் கடலடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரு குழி மட்டுமே மிச்சம்.

பெரிய குண்டுகளின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். துப்புரவுக்குப் போனவர்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம் ஒரு சின்னக் குண்டு, அதிலும் சரியாக வெடிக்காத குண்டு. 1958 ஆகஸ்ட் 6 அன்று அதே வளையத்தில் இருக்கும் ரூனிட் தீவில் 'குவின்ஸ்' என்ற பெயரில் நடந்த சோதனை புஸ்வாணமாகிவிட்டது. அணுகுண்டுக்குள் இருக்கும் சாதாரண வெடிமருந்து முதலில் வெடித்து, புளூட்டோனியத்தை உள்நோக்கி அழுத்த வேண்டும். அப்புறம் அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளக்கும் தொடர்வினை தொடங்க வேண்டும். அன்று வெடிமருந்து வெடித்தது, தொடர்வினை சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய புளூட்டோனியம் அப்படியே துகள்துகளாகத் தீவு முழுவதும் இறைந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அதே ரூனிட்டில் அடுத்த குண்டை வைத்து வெடித்தார்கள். அங்கே புளூட்டோனியம் மணலோடு பிசைந்துபோய்க் கிடந்ததற்கு இதுதான் காரணம். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 24,100 ஆண்டுகள்.

1972-இல், எனிவெட்டாக் மக்களை ஊர் திரும்ப அனுமதிக்கப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. அனுமதிப்பதென்றால் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்து அமெரிக்க நாடாளுமன்றம் தயங்கியது. கடைசியில் 2 கோடி டாலர் ஒதுக்கி, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: ராணுவத்தின் ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்தே வேலையை முடிக்க வேண்டும். சிப்பாய்க்கு எப்படியும் மாதச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அவனை அனுப்பினால் தனியாகக் கூலி தர வேண்டியதில்லை. கதிரியக்க மண்ணைக் கையாளப் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை, சாலை போடவும் கட்டடம் கட்டவும் பழகிய ராணுவப் பொறியியல் படைப்பிரிவுகளின் கைக்கு வந்தது இப்படித்தான். இந்த விவகாரத்தில் பின்னால் நடந்த பல கேடுகளுக்கு வேர் இந்த ஒரு சிக்கன முடிவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1977-லிருந்து 1980 வரை வேலை நடந்தது. சுமார் 4,000 படைவீரர்கள் முறைவைத்துப் போய்வந்தார்கள். பெரும்பாலும் ஒருவருக்கு ஆறு மாதம். மற்ற பணியாளர்களையும் சேர்த்தால் மொத்தம் 8,000 பேர் வரை அந்தத் தீவுகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். வடக்குத் தீவுகளில் மேல்மண்ணை புல்டோசரால் வழித்துக் குவிப்பார்கள். அதை டிரக்கில் ஏற்றி, படகுக்குக் கொண்டுபோய், உப்பங்கழியைக் கடந்து ரூனிட்டுக்குக் கொண்டுசேர்ப்பார்கள். ரூனிட்டின் வடமுனையில் 'காக்டஸ்' என்ற 18 கிலோடன் குண்டு 1958 மே மாதம் தோண்டிவிட்டுப் போன பள்ளம் இருந்தது. மண்ணை சிமென்ட்டோடு குழைத்து அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். பள்ளம் நிறைந்த பிறகும் மண் மிச்சமிருந்ததால் அதை மேலே மேடாகக் குவித்து, 46 சென்டிமீட்டர் தடிமனில் 358 கான்கிரீட் பலகைகளைப் போட்டு மூடினார்கள். 115 மீட்டர் அகலத்தில், கவிழ்த்துவைத்த தாம்பாளம் மாதிரி அது இன்றும் அங்கே இருக்கிறது. உள்ளே 73,000 கன மீட்டர் மண்ணும் கழிவும். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று கணக்குப் போட்டாலும் 7,300 லோடு. அத்தனையையும் ஏற்றி இறக்கி, கிளறி, குழைத்தவர்கள் மூச்சு விட்டுக்கொண்டுதானே வேலை செய்திருப்பார்கள்?

புளூட்டோனியத்தின் ஆபத்து எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் வரும் வழக்கு எதுவும் புரியாது. புளூட்டோனியம் வெளியிடுவது பெரும்பாலும் ஆல்ஃபா கதிர். ஒரு தாள் அதைத் தடுத்துவிடும். நம் தோலைக்கூட அது தாண்டாது. உள்ளங்கையில் வைத்திருந்தாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. அதே துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை தலைகீழ். தடுக்கத் தாளும் இல்லை, தோலும் இல்லை. உயிருள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து எலும்பிலும் கல்லீரலிலும் போய்த் தங்கும். ஆகவே புளூட்டோனியம் கலந்த இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது தூசியை. வெப்பமண்டல வெயிலில் காய்ந்த மணலை புல்டோசர் கிளறும் இடத்தில் தூசிக்கா பஞ்சம்?

சிப்பாய்களின் நெஞ்சில் குத்தியிருந்த கருவி ஃபிலிம் பேட்ஜ். வெளியிலிருந்து உடம்பைத் தாக்கும் காமா, பீட்டா கதிர்களை அது பதிவு செய்யும். நுரையீரலுக்குள் போன ஆல்ஃபா துகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்த பேட்ஜாவது ஒழுங்காக வேலை செய்ததா என்றால், ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் ஃபிலிம்கள் கெட்டுப்போனதை ராணுவமே பதிவு செய்திருக்கிறது. பிற்பாடு வேறு வகைக் கருவிக்கு மாறினார்கள். அதுவும் வெளிக்கதிரை அளப்பதுதான். காற்றில் தூசியின் கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளையும் ஆங்காங்கே வைத்திருந்தார்கள். அவை காட்டிய அளவு குறைவு, யாருடைய உடம்பிலும் வரம்புக்கு மேல் போகவில்லை என்பதுதான் அப்போதிலிருந்து அரசின் நிலைப்பாடு.

திட்டத்தின் விதிகளில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. எந்த இடம் எவ்வளவு மோசமோ அதற்கேற்ப முகமூடி, சுவாசக் கருவி, முழு உடை என்று படிநிலைகள் எழுதிவைக்கப்பட்டிருந்தன. காகிதத்தில் இருந்தது தங்கள் கைக்கு வரவில்லை என்று வீரர்கள் சொல்கிறார்கள். விமானப்படையில் கதிர்வீச்சு அளக்கும் பணியில் இருந்த ஒருவரின் அனுபவத்தை 2017-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தீவில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபது. இறங்கியதும் பளிச்சென்ற மஞ்சள் நிறப் பாதுகாப்பு உடையையும் சுவாசக் கருவியையும் கொடுத்து அணியச் சொன்னார்கள். ராணுவத்தின் படப்பிடிப்புக் குழு அவரை அந்த உடையில் படம் எடுத்தது. படம் எடுத்து முடிந்ததும் உடையைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதப் பணியின் மிச்ச நாட்களை அவர் கத்தரித்த அரைக்கால் சட்டையிலும் வெயில் தொப்பியிலும் கழித்தார். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. உடை இல்லாமல் போயிருந்தால் பற்றாக்குறை என்றாவது சொல்லலாம். உடை இருந்திருக்கிறது, எதற்குத் தேவை என்றும் தெரிந்திருக்கிறது.

வேலை நடந்த ஆண்டுகளில் ஆறு பேர் விபத்துகளில் இறந்தார்கள். நோய்கள் அப்புறம் வந்தன. பத்து, இருபது, முப்பது ஆண்டு கழித்து. கதிரியக்கத்தால் வரும் புற்றுநோயின் இயல்பே அதுதான். அதற்குள் ஆள் ராணுவத்தைவிட்டு விலகி, கல்யாணம் செய்து, வேறு வேலையில் இருந்திருப்பார். தனக்கு வந்ததற்கும் இருபது வயதில் ஆறு மாதம் இருந்த தீவுக்கும் முடிச்சுப் போடவே அவருக்குத் தோன்றியிருக்காது. இணையம் வந்து பழைய நண்பர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, "உனக்கும் வந்ததா?" என்று விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்குப் பொறி தட்டியது. தங்களுக்குள்ளேயே கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கை அறிவியல் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோய் வந்தவர்தான் முதலில் வந்து சேருவார், நலமாக இருப்பவர் தேடி வரமாட்டார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, போன நாலாயிரம் பேரையும் தொடக்கத்திலிருந்தே வரிசையாகப் பின்தொடர்ந்து பரிசோதித்திருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் கையில் வைத்திருந்த அரசு செய்திருக்க வேண்டிய வேலை அது.

சரி, நோய் வந்தது, விண்ணப்பித்தார்கள். என்ன தடுத்தது?

அமெரிக்கச் சட்டத்தில் மூன்று கதவுகள் உண்டு. முதல் கதவு நீதிமன்றம். அது 1950-லேயே மூடிவிட்டது. பணியின்போது ஏற்பட்ட பாதிப்புக்காகப் படைவீரர் அரசின்மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஃபெரெஸ் வழக்கில் சொல்லிவிட்டது. இரண்டாவது கதவு, முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் மனுப் போடுவது. 1984-இல் வந்த சட்டத்தின் வழியாக, எவ்வளவு கதிர்வீச்சு உடம்பில் பட்டிருக்கும் என்று அரசு மதிப்பிட்டு, அந்த அளவுக்கு இந்த நோய் வருமா என்று பார்த்துச் சொல்லும். மதிப்பீட்டுக்கு ஆதாரம் எது? மேலே சொன்ன அதே பேட்ஜ், அதே காற்றுக் கருவிகள். எதிர்பார்த்த பதிலே வரும்: அளவு குறைவு, ஆகவே தொடர்பில்லை.

மூன்றாவது கதவுதான் உண்மையில் பயன்படும் கதவு. 1988-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, 'கதிர்வீச்சு அபாயப் பணி'யில் இருந்த ஒருவருக்குப் பட்டியலில் உள்ள புற்றுநோய் ஏதாவது வந்தால், அது அந்தப் பணியால் வந்ததாகவே கருதப்படும். எவ்வளவு அளவு பட்டது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அளந்து வைக்காதது சிப்பாயின் குற்றமல்ல என்பதை ஏற்றுக்கொண்ட நல்ல சட்டம். ஆனால் அபாயப் பணி எது என்று அது கொடுத்த விளக்கத்தில்தான் சிக்கல்: ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்தவர்கள், ஜப்பானில் போர்க்கைதிகளாக இருந்தவர்கள், வளிமண்டல அணுச்சோதனைகளில் நேரடியாகப் பங்கேற்றவர்கள். சோதனை முடிந்து ஆறு மாதம் வரை அந்த இடத்தில் வேலை பார்த்தவர்களும் உண்டு. எனிவெட்டாக்கில் கடைசிச் சோதனை நடந்தது 1958-இல். சிப்பாய்கள் மண் அள்ளப் போனது 1977-இல்.

அதாவது, 1958-இல் கப்பலின் மேல்தளத்தில் நின்று தொலைவிலிருந்து வெடிப்பைப் பார்த்தவர் 'அணு வீரர்'. பத்தொன்பது ஆண்டு கழித்து அந்த வெடிப்பின் எச்சத்தைக் கையால் அள்ளியவர் வெறும் துப்புரவுக்குப் போனவர். முதலாமவருக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அதைப் பெற்றார்கள். புளூட்டோனியத்துக்குப் பத்தொன்பது ஆண்டு என்பது ஒரு பொருட்டே அல்ல. மொத்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்குள் சிதைந்திருக்காது. சட்டம் எழுதியவர்கள் ஆபத்து வெடிப்பில் இருக்கிறது என்று நினைத்தார்கள், தூசி அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த இடைவெளியில் நாலாயிரம் பேர் விழுந்தார்கள்.

அவர்கள் மட்டுமல்ல. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே, நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்த ஓர் அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானம், நடுவானில் எரிபொருள் நிரப்பும்போது டேங்கர் விமானத்தோடு மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு குண்டுகள் தரையில் மோதியதில் அவற்றின் சாதாரண வெடிமருந்து வெடித்து, புளூட்டோனியம் தக்காளித் தோட்டங்களில் பரவியது. சுமார் 1,600 பேரைக் கொண்டுவந்து அந்த மண்ணை வழித்துப் பீப்பாய்களில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே வீரர்களின் சிறுநீரைப் பரிசோதிக்கவும் செய்தார்கள். உடம்புக்குள் போன புளூட்டோனியத்தை அறிய அதுதான் வழி என்பது தெரிந்தே இருந்தது. பல மாதிரிகளில் அளவு அதிகமாக வந்தது. முகாமின் தூசி மாதிரியில் கலந்துவிட்டது, ஆகவே முடிவுகள் செல்லாது என்று அவற்றில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டு, மிக அதிகம் காட்டிய 26 பேரை மட்டும் சில காலம் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுநீர்ப் புட்டிக்குள் விழும் அளவுக்குத் தூசி பறந்த முகாமில் மூக்குக்குள் எவ்வளவு போயிருக்கும் என்ற கேள்வியை விமானப்படை எழுப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1968 ஜனவரியில் கிரீன்லாந்தின் தூலே தளத்துக்கு அருகில் உறைந்த கடல்மேல் இன்னொரு பி-52 விழுந்தபோதும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே பனியை அள்ளினார்கள். டேனிஷ் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க முதலில் மசோதா கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹவாயைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் மார்க் டகாய். 2015-இல் எனிவெட்டாக் வீரர்களுக்காக அவர் மசோதா தாக்கல் செய்தார். அடுத்த ஆண்டே கணையப் புற்றுநோயில் இறந்தார். அவர் எனிவெட்டாக் போனவரல்ல. ஆனாலும் அந்த நோய் 1988 சட்டத்தின் புற்றுநோய்ப் பட்டியலில் உள்ளது. மசோதாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது தனியாக நிறைவேறவே இல்லை. கடைசியில் 2022 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட பாக்ட் சட்டத்துக்குள் ஒரு பகுதியாகச் சேர்ந்து நிறைவேறியது. ஈராக், ஆப்கானிஸ்தானில் குப்பை எரித்த குழிகளின் புகையால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்காக வந்த பெரிய சட்டம் அது. 1977 ஜனவரி 1 முதல் 1980 டிசம்பர் 31 வரை எனிவெட்டாக் துப்புரவில் இருந்தவர்களையும், பலோமாரெஸ், தூலே வீரர்களையும் அது அபாயப் பணிப் பட்டியலில் சேர்த்தது. நுரையீரல், தைராய்டு, கல்லீரல், எலும்பு, ரத்தப் புற்று வகைகளில் பல இப்போது தானாகவே ஏற்கப்படும். அங்கே இருந்ததற்கான பணிப் பதிவேடும் மருத்துவச் சான்றும் போதும். கணவரை இழந்த மனைவிமாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குள் எத்தனை பேர் மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கண் மூடியிருப்பார்கள்!

இந்தச் சட்டம் சீருடை போட்டிருந்தவர்களுக்கு மட்டும். அதே தீவில், அதே தூசியில் வேலை பார்த்த சிவில் பணியாளர்கள் இதில் வரமாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். 1980-இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். சுத்தம் செய்ததாகச் சொல்லப்பட்டது புளூட்டோனியம் போன்ற கனமான தனிமங்களை மட்டுமே. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் மண்ணிலேயே விடப்பட்டன. சீசியத்தைத் தென்னை உறிஞ்சி இளநீருக்கும் தேங்காய்க்கும் கொண்டுபோகும். அதனால் வடக்குத் தீவுகளில் குடியேற முடியவில்லை. தெற்கில் சில நூறு பேர் பெரும்பாலும் இறக்குமதி உணவை நம்பி வாழ்கிறார்கள். ரூனிட்டில் அந்தக் கான்கிரீட் மூடிக்குக் கீழே உள்ள பள்ளத்தின் அடியில் தளம் எதுவும் போடவில்லை. பவளப் பாறை கடற்பாசிப் பஞ்சு மாதிரி ஓட்டை உள்ளது. கடல் ஏறி இறங்கும்போது உள்ளே நிலத்தடி நீரும் ஏறி இறங்குகிறது. உடனடியாக இடிந்துவிழும் ஆபத்து இல்லை என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2020-இல் அறிக்கை கொடுத்தது. மூடிக்குள் இருப்பதைவிடப் பலமடங்கு புளூட்டோனியம் வெளியே உப்பங்கழியின் அடிமண்ணிலேயே கிடக்கிறது என்பதும் அதே துறையின் கணக்கு. ஆறுதலாக அவர்கள் சொல்லும் இந்த வாதத்தை மண் அள்ளியவர்களின் காதால் கேட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டு தங்கள் உடம்பைக் கொடுத்து அள்ளிக் குவித்தது, கிடந்ததில் ஒரு சிறு பங்கைத்தான். மார்ஷல் தீவுகளின் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 2000-இல் எனிவெட்டாக் மக்களுக்கு 34 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா கொடுத்த நிதி அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தீர்ப்பில் பெரும்பகுதி காகிதமாகவே இருக்கிறது.

வீரர்களுக்கு வருவோம். 2022 சட்டத்துக்குப் பிறகும் அவர்களுக்குப் பொருந்தும் கதிர்வீச்சுப் புற்றுநோய்ப் பட்டியலில் தோல் புற்றுநோய் இல்லை. புராஸ்டேட் புற்றுநோயும் இல்லை. வெயிலில் சட்டையில்லாமல் ஆறு மாதம் புளூட்டோனிய மண்ணில் நின்ற ஒருவருக்குத் தோலில் புற்று வந்தால் அவர் பழைய இரண்டாவது கதவுக்கே போக வேண்டும். அங்கே அவருடைய கதிர்வீச்சு அளவு எவ்வளவு என்று கேட்பார்கள். அவரிடம் பதில் இருக்காது. அரசு தன் கோப்பைத் திறந்து, 1978-இல் அவர் நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜ் என்ன சொன்னது என்று பார்க்கும்.